ஸ்கேன் அறை: கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற தர்மபுரிக்காரர்.)

கே: அப்பாவுக்குத் தலைசுற்றல் என்று எம்.ஆர்.ஐ. எடுத்தோம். டிஃப்யூஷன் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டும்) படத்தில் 'சஸெப்டிபிலிட்டி ஆர்டிஃபேக்ட்' இருப்பதாக ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். இது என்ன வியாதி சார்?
– வாசகி, பாலக்கோடு

ப: வியாதியே இல்லையம்மா, பயப்படாதீர்கள். புருவத்துக்குப் பின்னால், மூக்கைச் சுற்றி, காதுக்குள் என்று எல்லோர் தலையிலும் காற்றறைகள் உண்டு. காற்றும் சதையும் சந்திக்கிற இடத்தில் காந்தப்புலம் கொஞ்சம் பிசகும், படம் அங்கே கோணும். பல்லில் கம்பி கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். சில சமயம் நெற்றிக்குப் பின்னால் பளீரென்று வெள்ளை விழுந்து, ஸ்ட்ரோக்கோ என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளை மிரட்டும். அதனால்தான் டாக்டர் ஏ.டி.சி. (நீர் நகரும் அளவைக் காட்டுவது), ஃப்ளேர் (மூளையைச் சுற்றிய நீரை அடக்கிக் காட்டுவது) படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இந்தக் கோணலால் தலை சுற்றாது. தலைசுற்றல் எதனால் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

கே: எம்.டெக். ப்ராஜெக்டுக்காக டிஃப்யூஷன் டேட்டாவில் நரம்புப் பாதை வரைகிறேன். மூளையின் முன்பகுதி அமுங்கித் தெரிந்தது. மூளைப் படங்களுக்கான எஃப்.எஸ்.எல். மென்பொருளில் கோணலைத் திருத்தும் டாப்அப் ஓட்டினேன், அதன் படம் நன்றாகவே வந்தது. அதை, அதே மென்பொருளின் அடுத்த திருத்தக் கருவியான 'எடி'க்குக் கொடுத்ததும் கோணல் முன்னைவிடக் கூடிவிட்டது. எங்கே தப்பு?
– மாணவர், ஓசூர்

ப: கூடிவிட்டது என்கிறீர்களே தம்பி, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் கோணல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டிஃப்யூஷன் படம் எடுப்பது எக்கோ பிளானர் முறையில். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977-இல் சொன்னது. ஒரு ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) முழுவதையும் ஒரே மூச்சில் படித்துவிடும். வரிக்கு 0.5 மில்லி செகண்டு, 128 வரி என்றால் மொத்தம் 64 மில்லி செகண்டு. வரிகள் அடுக்கும் திசையில் ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது 16 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. 3 டெஸ்லாவில் ஹைட்ரஜன் சுழல்வது சுமார் 128 மெகாஹெர்ட்ஸில். காந்தப்புலம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 128 ஹெர்ட்ஸ் போச்சு, அதாவது எட்டு பிக்சல். 2 மி.மீ. பிக்சலானால் 16 மி.மீ., ஏறக்குறைய ஒரு விரற்கடை! நரம்புப் பாதை வரைகிறவருக்கு இது பெரிய தூரம்.

இதற்கு மருந்து எதிர்த்திசைப் படம். புளி மண்டியில் தராசின் மேல் சந்தேகம் வந்தால் தட்டை மாற்றிப் போட்டு நிறுப்பார்கள், அதே கணக்குதான். முன்னிருந்து பின், பின்னிருந்து முன் என்று இரு திசையிலும் பி-ஜீரோ (டிஃப்யூஷன் விளைவு சேர்க்காத) படம் எடுத்தால், ஒன்றில் அமுங்கியது மற்றதில் இழுபட்டுத் தெரியும். நிஜம் நடுவில். ஆண்டர்சன், ஸ்காரே, ஆஷ்பர்னர் மூவரும் 2003-இல் வெளியிட்ட இந்த வழிதான் டாப்அப். ஒரே படத்தில் பல பிக்சல் ஒன்றாகக் குவிந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது. இழுபட்ட ஜோடி கையில் இருந்தால் முடியும்.

சரி, உங்கள் தப்புக்கு வருவோம். இரண்டு படங்களை ஒட்டிய வரிசையும், ஒவ்வொரு படத்தின் திசையைச் சொல்லும் அக்க்பாராம்ஸ் (acqparams) கோப்பில் எழுதிய வரிசையும் ஒன்றுக்கொன்று தலைகீழாகிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். டாப்அப் அதைக் கண்டுகொள்ளாது: புலத்தின் குறியும் மாறும், திசையின் குறியும் மாறும், இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். எடியில், எந்தப் படத்துக்கு அக்க்பாராம்ஸின் எந்த வரி என்று சொல்லும் உங்கள் இண்டெக்ஸ் கோப்பு உண்மையான திசையின் வரியைக் காட்டும், புலம் மட்டும் குறி மாறி நிற்கும். அப்போது திருத்தம் எதிர்ப்பக்கம் தள்ளிக் கோணல் இரட்டிப்பாகும். எந்தப் படம் முதலில் ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேன் விவரம் இருக்கும் ஜேசான் கோப்பில் திசையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ரீட்அவுட் நேரத்துக்கு (ஒரு ஸ்லைஸைப் படிக்க ஆகும் நேரம்) எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரு படத்துக்கும் ஒன்றே என்றால், எல்லா இடத்திலும் அதே எண்ணைக் கொடுத்தால் அது பெரிதாகக் கெடுக்காது.

எடி செய்யும் வேலை தனி. டிஃப்யூஷன் கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் கூடுதல் காந்தப்புலம்) போடும்போது மெஷினின் உலோகப் பாகங்களில் சுழல் மின்னோட்டம் எழும், ஒவ்வொரு திசைக்கும் படம் ஒவ்வொரு மாதிரி சாயும். தலை அசைவையும் சேர்த்து அது ஒன்றாகச் சரிசெய்யும். அதனால் டாப்அப் திருத்தத்தை நீங்களே எல்லா படத்திலும் முன்கூட்டிப் போட்டுவிடாதீர்கள், பிக்சல்களை இரண்டு முறை மறுகணக்கிட்டால் படம் மங்கும். அப்புறம், டிஃப்யூஷன் திசைகளைத் தலை திரும்பிய அளவுக்கு எடி திருப்பிக் கொடுக்கும் பிவெக்ஸ் கோப்பைத்தான் அடுத்த படிக்கு எடுக்க வேண்டும். ஸ்லைஸ் எண்ணிக்கை ஒற்றைப்படை என்று டாப்அப் முரண்டு பிடித்தால் பி02பி0_1 கட்டமைப்புக் கோப்பைப் போடுங்கள்.

எதிர்த்திசைப் படமே இல்லாத பழைய டேட்டாவா? டி1 (மூளையின் அமைப்பைக் காட்டும்) படத்திலிருந்து கோணாத பி-ஜீரோவைச் செய்துகொடுக்கும் சின்ப்0 என்ற மென்பொருள் இருக்கிறது. நான் அதை இரண்டாம் பட்சமாகத்தான் வைப்பேன்.

கே: எதிர்த்திசையில் இன்னொரு முறை எடுத்தால் கதிர்வீச்சு கூடாதா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

ப: எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. பி-ஜீரோ ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்ட்ரோக் பார்க்க வந்தவருக்கு அது தேவையில்லை, அங்கே வேகம்தான் முக்கியம். கட்டி எடுக்கும் ஆபரேஷனுக்கு நரம்புப் பாதை பார்ப்பதென்றால், நோயாளி மேஜையை விட்டு இறங்குவதற்குள் எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.