போடுவது சரி, அணைவது எப்போது?

வணக்கம் ஐயா,
கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். ஃபோட்டோனிக் படிகங்களில் ஒளியை ஒளியாலேயே ஒரு பிகோ செக்கனுக்குள் சுவிட்ச் செய்யலாம் என்று வாசித்தேன். அப்படியென்றால் இப்போதைய கணினிகளின் காலம் முடிந்ததா? இறுதியாண்டு ஆய்வை இதில் செய்ய ஆசை. வன்னியில் இருந்துகொண்டு இதெல்லாம் முடியுமா, வெளிநாடு போனால்தான் சரிவருமா?
ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

கணினியின் காலத்தை விடும், அது சோதிடம். கொஞ்சக் காலமாக நான் யோசித்துக்கொண்டிருப்பது நீர் எழுதிய அந்த 'ஒரு பிகோ செக்கன்', அதாவது ஒரு செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு, அதைப் பற்றித்தான். சுவிட்ச் எவ்வளவு விரைவாகப் போடப்படுகிறது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அது பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் என்று நீர் ஏன் கேட்கவில்லை? திரும்பினால்தானே அடுத்த துடிப்புக்கு உதவும்!

குறைகடத்தித் தகட்டில் ஒழுங்காகத் துளையிட்டால் அது ஒரு ஃபோட்டோனிக் படிகம். நடுவில் ஓரிடத்தில் அந்த ஒழுங்கைக் குலைத்தால் ஒளி அங்கே சிறைப்படும். வலுவான ஒரு துடிப்பு அங்குள்ள இலத்திரன்களைக் கிளப்பிவிட்டால் ஒளியை வளைக்கும் அளவான முறிவுச் சுட்டி மாறி, அங்கே தங்கக்கூடிய ஒளியின் அலைநீளம் (பரிவு அலைநீளம்) நகர்ந்து, இதுவரை போய்க்கொண்டிருந்த ஒளி நின்றுவிடும். கிளப்புவது கணப்பொழுது வேலை. கிளம்பியவை அடங்கத்தான் நேரம் எடுக்கும். 2010இல் ஜப்பானின் என்டிடி தொலைத்தொடர்பு நிறுவன ஆய்வாளர்கள் வெறும் 0.42 ஃபெம்டோ ஜூல் என்ற மிக நுண்ணிய சக்தியில் சுவிட்ச் செய்து காட்டினார்கள், அவர்களுக்கே சில பத்துப் பிகோ செக்கன் ஆனது.

சிறையும் சும்மா இல்லை. துருசைச் சின்னதாக வைத்தால் குளத்தில் தண்ணீர் நிற்கும், ஆனால் அவசரத்துக்கு வயலுக்கு இறங்காது. சிறை ஒளியை எவ்வளவு நன்றாகப் பிடித்து வைக்கிறது என்று காட்டும் தரக் காரணி 10,000 என்றால் 1550 நானோமீற்றர் ஒளி அங்கே ஏறக்குறைய 8 பிகோ செக்கன் தங்கும். பத்து இலட்சம் என்றால் 800. நெடுநேரம் தங்கினால் குறைந்த சக்தி போதும், ஆனால் வேகம் போய்விடும். இதைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் கொண்டாடும் கட்டுரைகளை நம்பவேண்டாம்.

அப்புறம், அதென்ன 'வன்னியில் இருந்துகொண்டு'? அதை வாசித்ததும் கோபம்தான் வந்தது. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் ஒளியின் தலையீட்டைப் படித்தவர்கள் நாங்கள். உமக்கு மடிக்கணினி இருக்கிறது, இப்படிப்பட்ட படிகங்களில் ஒளி எப்படி நடக்கும் என்று கணிக்க, எம்ஐடியில் உருவான எம்பிபி, மீப் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். 1987இல் யப்லோனோவிச், சஜீவ் ஜோன் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே ஃபோட்டோனிக் படிகம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். பிறகு 1991இல் யப்லோனோவிச் குழு செய்து காட்டிய படிகம் நுண்ணலைக்கானது, துளைக் கருவியால் மில்லிமீற்றர் அளவில் துளைத்தது. ஒளிக்கும் நுண்ணலைக்கும் பொதுவான மெக்ஸ்வெல்லின் சமன்பாடுகளுக்குப் பெரிதும் சிறிதும் ஒன்றுதான். உம்முடைய வயலை மேய்ந்து அழிக்கிற மயிலின் தோகை நிறமும், ஒழுங்காக அடுக்கிய மெலனின் கோல்களால், அதாவது இயற்கையே செய்த ஃபோட்டோனிக் படிகத்தால், வருவதே.

வெளிநாடு போவது உம் விருப்பம். முதலில் எம்பிபியை இறக்கி, முக்கோண அடுக்கில் துளையின் ஆரையை மாற்றி மாற்றித் தடைப்பட்டை, அதாவது ஒளி நுழைய முடியாத அலைநீள வீச்சு, எங்கே திறக்கிறது என்று பாரும். பிறகு ஒரு துளையை எடுத்துவிட்டு, ஒளி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை மீப்பில் கணித்து அனுப்பும். பிழை இருந்தால் சொல்கிறேன்.