விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

விந்துப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் இல்லாமல் இருப்பவர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: சார், கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. கவுன்ட் (ஒரு மில்லியில் உள்ள விந்தணு எண்ணிக்கை) 12 மில்லியன், அளவு 3.5 மில்லி என்று வந்திருக்கிறது. 16-க்கு மேல் இருக்க வேண்டுமாமே. எனக்குக் குழந்தையே பிறக்காதா?

அந்தத் தாள் அப்படிச் சொல்லவே இல்லை, தம்பி. 16 என்ற எண், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் இருப்பது. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் மாதிரிகளை வரிசைப்படுத்தி, கடைசி 5 சதவீதத்துக்கு மேலே ஒரு கோடு போட்டார்கள். அதாவது தகப்பன் ஆனவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். கோட்டுக்கு மேலே இருந்தும் குழந்தை தள்ளிப்போகிறவர்கள் உண்டு.

ஒரு மில்லியில் எத்தனை என்பதோடு நிறுத்தாமல் மொத்தக் கணக்கையும் பாருங்கள். 12-ஐ 3.5-ஆல் பெருக்கினால் 42 மில்லியன். மொத்த எண்ணிக்கைக்கான கோடு 39. நீங்கள் அதைத் தாண்டியிருக்கிறீர்கள். அடுத்து அசைவு: மொத்தம் 42 சதவீதம், அதில் முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இவை இரண்டும் கீழ்க்கோடுகள். உங்கள் தாளில் முன்னோக்கி நீந்துபவை எவ்வளவு என்று பாருங்கள். அதைத்தான் நான் முதலில் தேடுவேன். இடம் மாறாமல் நின்ற இடத்திலேயே துடிக்கும் விந்தணு முட்டை வரை போய்ச் சேராது.

அப்புறம், ஒரே ஆளுக்கு இந்த வாரம் ஒரு எண், அடுத்த மாதம் வேறு எண் என்று வருவது சகஜம். ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்னொரு முறை செய்யுங்கள்.

கேள்வி: நார்மல் வடிவம் 5% என்று இருக்கிறது. மீதி 95 சதவீதமும் குறையுள்ளவையா? பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வருமா?

வராது. 4 சதவீதம் இருந்தாலே போதும். தலை, கழுத்து, வால் எல்லாவற்றையும் மிகக் கறாராகப் பார்ப்பதால்தான் எண் இவ்வளவு குறைவாக வருகிறது. விந்தணுவின் தலை கோணலாக இருந்தால் குழந்தைக்கு ஊனம் என்று அர்த்தமே இல்லை.

கேள்வி: லேபில் வைத்து எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் எடுத்து வரலாமா?

லேபில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டால் எடுத்து வரலாம், ஆனால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், குளிர் பட்டால் அசைவு குறைந்துவிடும். சாதாரண ஆணுறை, எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் கூடாது. கடைசி உறவுக்குப் பிறகு 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்கட்டும்.

பலர் மறைக்கிற விஷயம் ஒன்று உண்டு: முதல் சில துளிகள் டப்பாவுக்கு வெளியே விழுந்துவிடும், வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். விந்தணு அதிகம் இருப்பதே அந்த முதல் பகுதியில்தான். சிந்தியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இல்லாத குறை ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

கேள்வி: மருந்து ஆரம்பித்து 15 நாள் ஆகிறது. மறுபடி டெஸ்ட் எடுக்கட்டுமா?

வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். மூன்று மாதம் போகட்டும். இதே காரணத்தால், போன மாதம் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஸ்கேன், கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் முடிந்துவிட்டது. "என் பிள்ளைக்கு என்ன குறை" என்கிறார் மாமியார். கணவரும் டெஸ்டுக்கு வர மறுக்கிறார்.

உங்கள் கேள்வியைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது, தங்கச்சி. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. பெண்ணுக்குக் குழாய் டெஸ்ட் வலிக்க வலிக்க எடுத்த பிறகும் ஆணுக்கு ஊசிகூடக் குத்தாத ஒரு டெஸ்டை எடுக்காமல் இருப்பது நியாயமே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

தாம்பத்தியத்தில் குறையே இல்லையே என்று உங்கள் கணவர் நினைக்கலாம். அந்த பலம் வேறு, விந்தணு வேறு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கிச் சுருண்டுகொள்ளும் வெரிகோசில் என்ற பிரச்சினை இருந்து எண்ணிக்கை குறையலாம். அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் டாக்டரையே அவரிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார்.

கேள்வி: ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டேன். ரிப்போர்ட்டில் "நில்" (Nil, அதாவது விந்தணுவே இல்லை) என்று வந்துவிட்டது. ஆண் ஹார்மோன் கூடினால் விந்தணுவும் கூடத்தானே வேண்டும்?

நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், மூளை அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். உற்பத்தி படுத்துவிடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை ஒளிக்காமல் ஆண்ட்ராலஜிஸ்டிடம் (ஆண்களின் இனப்பெருக்கப் பிரச்சினைகளைப் பார்க்கும் டாக்டர்) சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கும் "நில்"தான். ஊசி எதுவும் போடவில்லை. எல்லாம் முடிந்ததா?

இல்லை. மாதிரியை சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சுற்றி, அடியில் படிந்ததையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு அங்கே ஒளிந்திருக்கலாம். இரண்டாவது மாதிரியிலும் இல்லையென்றால், உற்பத்தியே இல்லையா, வழியில் அடைப்பா என்று பிரிக்க வேண்டும். அளவு குறைவு, அமிலத்தன்மை, ஃபிரக்டோஸ் (விந்தில் இருக்கும் சர்க்கரை) இல்லை என்றால் அடைப்பின் பக்கம் சந்தேகம் போகும். எஃப்எஸ்எச் (விரையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையும், டாக்டர் கையால் பார்ப்பதும் மீதியைச் சொல்லும். அடைப்பு என்றால் விரையிலிருந்தே விந்தணுவை எடுத்து, இக்ஸி (ICSI) முறையில் ஊசியால் முட்டைக்குள் நேராகச் செலுத்தலாம். இக்ஸியில் முதல் குழந்தை பிறந்தது 1992-ல். உற்பத்திக் குறைவு உள்ளவர்களிலும் சிலருக்கு விரைக்குள் மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடினால் விந்தணு கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன் குரோமோசோம் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.