தார்ப்பாய் கட்டின லாரிக்கு பேட்டன்ட் கிடைக்குமா?

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். நான் நாமக்கல் பக்கம், பேரு போட வேணாம்ங்க. நானும் கூடப் படிச்ச ரெண்டு பேரும் சேர்ந்து லாரி யார்டுக்கு ஒரு கேமரா சிஸ்டம் பண்ணிருக்கோம். இன் கேட், எடைமேடை, லோடிங் பண்ற இடம், அவுட் கேட்னு மொத்தம் 6 கேமரா. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே ஒரு சின்ன போர்டு, வீடியோவ எங்கயும் அனுப்பாம போர்டே லாரிய கண்டுபிடிச்சு, ஒரு அடையாள நம்பர் குடுத்து, அடுத்த கேமராவுக்கு "இது உன் பக்கம் வருது"ன்னு சொல்லிடும். யார்டுல நெட் சரியா வராது, அதனாலதான் இப்படி. நம்பர் பிளேட்ட நம்பினா சேறும் தூசியும் மூடிக்கிட்டு படிக்கவே மாட்டேங்குது.

பேட்டன்ட் போடலாமான்னு விசாரிச்சோம். ஒருத்தர் "இது சாஃப்ட்வேர், இந்தியால குடுக்கமாட்டாங்க, புதுசா ஹார்ட்வேர் இருந்தா வாங்க"ன்னாரு. இன்னொருத்தர் "ஏஐ கேமரான்னு போட்டா ஈஸியா கிடைச்சுடும், பணத்த கட்டுங்க"ங்கறாரு. யார நம்புறதுன்னே தெரியல. போன மாசம் ஒரு காலேஜ் எக்ஸ்போல வேற காட்டிட்டோம், அது தப்பாங்க? பார்ட்னர்ல ஒருத்தன் இன்னும் ஐடி கம்பெனி வேலைய விடல.

இன்னொண்ணு, இது சொல்ற அளவுக்கு பெரிய விஷயமான்னு தெரியல. லாரி காலியா உள்ள வரும்போது ஒரு மாதிரி இருக்கு, லோடு ஏத்தி தார்ப்பாய் கட்டி வெளிய போறப்ப வேற வண்டி மாதிரி ஆயிடுது, சிஸ்டம் புது லாரின்னு நினைச்சுக்கும். அதுக்காக லோடிங் கேமரா அடுத்த கேமராவுக்கு தகவல் குடுக்கும்போதே "மேல் பாதிய கணக்குல எடுக்காத, கேபினையும் சேஸிஸையும் மட்டும் பாரு"ன்னு சேர்த்து சொல்ற மாதிரி மாத்தினோம். அப்புறம்தான் சரியாச்சு.

பதில்:

வணக்கம்ங்க. உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். கடைசி பாராவ "பெரிய விஷயமான்னு தெரியல"ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க பாருங்க, உங்க பேட்டன்ட் இருக்கறதே அங்கதான். மேல சொன்ன 6 கேமரா, போர்டு, அடையாள நம்பர், அடுத்த கேமராவுக்கு தகவல், இதெல்லாம் அந்த ஒரு விஷயத்துக்கு சுத்துச்சுவர் மாதிரி.

ஏன்னு சொல்றேன். பல கேமரா சேர்ந்து ஒரு ஆளையோ வண்டியையோ கை மாத்தி கை மாத்தி ஃபாலோ பண்றதுங்கறது பழைய விஷயம். அமெரிக்காவுல டார்பாங்கற ராணுவ ஆராய்ச்சி அமைப்போட பணத்துல கார்னெகி மெலன் யுனிவர்சிட்டி 1997லயே விசாம்னு ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு கேம்பஸ் முழுக்க கேமரா வெச்சு இததான் பண்ணாங்க. 2000ல மைக்ரோசாஃப்ட் ஆளுங்க ஈஸிலிவிங்னு ஒரு ரூமுக்குள்ள பல கேமராவால ஆளுங்கள டிராக் பண்ணி பேப்பர் போட்டாங்க. அடுத்து எங்க இருக்கும்னு கணிக்கற கால்மன் ஃபில்டர் 1960, எது எதோட பொருந்தும்னு ஜோடி சேக்கற ஹங்கேரியன் முறை 1955. அதனால "பல கேமராக்கள் ஒரு வாகனத்தை அடையாளம் கண்டு தகவலைப் பகிர்ந்து தொடர்ந்து கண்காணிக்கும் அமைப்பு"ன்னு கிளெய்ம் (எதுக்கு உரிமை கேக்கறோம்னு சொல்ற பகுதி) எழுதிட்டு போனீங்கன்னா, சாஃப்ட்வேரா இல்லையாங்கற சண்டைக்கே வேலை இருக்காது, இது ஏற்கனவே இருக்குன்னு பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாமினர் ரெண்டு டாக்குமென்ட் எடுத்து வெச்சிடுவாரு.

இப்ப அந்த "இந்தியால சாஃப்ட்வேருக்கு கிடையாது" விஷயம். நம்ம பேட்டன்ட் சட்டத்துல பிரிவு 3(கே)ன்னு ஒண்ணு இருக்கு, கணித முறை, வியாபார முறை, கம்ப்யூட்டர் புரோகிராம் "பெர் சே", அல்காரிதம், இதெல்லாம் இன்வென்ஷன் ஆகாதுன்னு. அந்த "பெர் சே"ங்கற ரெண்டு வார்த்தைலதான் எல்லாமே இருக்கு, அதாவது வெறும் புரோகிராம் மட்டுமா இருந்தா கிடையாது. 2002லயே இந்தியால அப்ளிகேஷன் போட்ட ஃபெரிட் அல்லானிங்கறவரு வருஷக்கணக்கா அலைஞ்சு, கடைசில 2019 டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட் இத தெளிவா சொல்லிச்சு: ஒரு கண்டுபிடிப்பு கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடுதுங்கறதுக்காக மட்டும் தள்ளக்கூடாது, டெக்னிக்கலா ஒரு விளைவு, ஒரு பங்களிப்பு இருக்கான்னு பாக்கணும்னு. புது ஹார்ட்வேர் வேணும்னு உங்ககிட்ட ஒருத்தர் சொன்னாருல்ல, 2016 பிப்ரவரில பேட்டன்ட் ஆபீஸ் போட்ட வழிகாட்டுதல்ல அப்படி ஒண்ணு இருந்துச்சு, 2017 ஜூன்ல போட்ட அடுத்த பதிப்புலயே அத எடுத்துட்டாங்க. இத்தன வருஷம் கழிச்சும் அத சொல்லி சின்னப் பசங்கள திருப்பி அனுப்புறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. "ஏஐன்னு போட்டா கிடைக்கும்"னு சொன்னவர் பக்கம் போகவே போகாதீங்க.

சரி, டெக்னிக்கல் விளைவுன்னா என்ன, எங்க கோடு போடறாங்கன்னு புரியறதுக்கு அமெரிக்கால கேமராவ வெச்சே வந்த ரெண்டு தீர்ப்பு இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நம்ம சட்டம் வேற அவங்க சட்டம் வேற, ஆனா எழுதறதுக்கு பாடம் ஒண்ணுதான்.

முதல்ல 2021ல யூ எதிர் ஆப்பிள், சாம்சங்கும் எதிர்தரப்புதான். ரெண்டு லென்ஸ், ரெண்டு சென்சார், ஒண்ணு எடுத்த படத்த வெச்சு இன்னொண்ண மேம்படுத்தற டிஜிட்டல் கேமரா. கைல பிடிக்கற கேமராவே கிளெய்ம்ல இருக்கு, ஆனாலும் பேட்டன்ட் அப்பீல்கள விசாரிக்கற ஃபெடரல் சர்க்யூட் கோர்ட் இது அப்ஸ்ட்ராக்ட் ஐடியா, அதாவது வெறும் பொதுவான யோசனை, பேட்டன்ட் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. மூணு நீதிபதில ஒருத்தர் ஒத்துக்கல, எனக்கும் அந்த தீர்ப்பு கொஞ்சம் கடுமைன்னுதான் தோணும். ஆனா அதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. விண்ணப்பத்துக்குள்ள இருக்கற விளக்கத்துல நாலு லென்ஸ், நாலு சென்சார், அதுல மூணு கலருக்கு ஒண்ணு கருப்பு வெள்ளைக்குன்னு விவரமா எழுதியிருந்தாங்க, கிளெய்ம்ல அத விட்டுட்டு பொதுவா ரெண்டுன்னு அகலமா எழுதிட்டாங்க. நீ பெருமையா சொல்ற விஷயம் கிளெய்ம்லயே இல்லையேன்னு கோர்ட் கேட்டுச்சு.

அடுத்தது 2024 செப்டம்பர், கான்டூர் எதிர் கோப்ரோ. ஹெல்மெட்டுல மாட்டற கேமரா, மாட்டினவனுக்கு தன் கேமரா என்ன பாக்குதுன்னு தெரியாது, இதுதான் பிரச்சனை. அதுக்கு அந்த கேமரா ஒரே நேரத்துல ரெண்டு வீடியோ ஸ்ட்ரீம் உண்டாக்கும், தரம் கம்மியானத வயர்லெஸ்ல போனுக்கு அனுப்பும், நல்ல தரத்த தனக்குள்ள சேமிச்சுக்கும். கீழ் கோர்ட் இதுவும் அப்ஸ்ட்ராக்ட்னுச்சு, மேல் கோர்ட் மாத்திடுச்சு, ஏன்னா கேமரா வேலை செய்யற விதமே மாறியிருக்கு, அது எப்படி மாறியிருக்குங்கறது கிளெய்ம்லயே எழுதியிருக்கு.

இப்ப உங்க தார்ப்பாய்க்கு வாங்க. லோடிங் இடத்து கேமரா ஒரு சின்ன பாக்கெட் அனுப்புது, அதுல லாரியோட தோற்றக் குறிப்பு, கூடவே எந்தப் பகுதிய நம்பக்கூடாதுங்கற தகவல். வாங்கற கேமரா அதப் பாத்து தன்னோட ஒப்பீட்டையே மாத்திக்குது. ஒரு டிவைஸ் சொன்னதால இன்னொரு டிவைஸ் வேற மாதிரி பாக்குதுங்க, இத யாரும் வெறும் அல்காரிதம்னு லேசுல தள்ள முடியாது. எந்த நேரத்துக்குள்ள அந்த லாரி வந்து சேரும்னும் பாக்கெட்ல போகுதான்னு நீங்க எழுதல, போகுதுன்னா, அந்த நேரம் வரைக்கும் அடுத்த போர்டு ஃப்ரேம் ரேட்ட (செகண்டுக்கு எத்தன படம்ங்கறத) கம்மி பண்ணி வெச்சிருக்கும்னா, அதையும் கட்டாயம் எழுதுங்க. ஒரு வாரம் இந்த மாற்றம் இல்லாம ஓட்டுங்க, ஒரு வாரம் இதோட ஓட்டுங்க, எத்தன லாரிக்கு நம்பர் மாறிப்போச்சு, போர்டு எவ்ளோ கரன்ட் இழுத்துச்சு, எவ்ளோ டேட்டா போச்சுன்னு குறிச்சு அந்த டேபிள விளக்கத்துல போடுங்க. கேரளா பதிவு, ராஜஸ்தான் பதிவு வண்டில கேபின் பெயின்டிங் எல்லாம் வேற வேற மாதிரி இருக்கும், அதுல எப்படி ஓடுச்சுன்னும் சேருங்க.

கிளெய்ம் எழுதறவர்கிட்ட ஒண்ணு அழுத்திச் சொல்லுங்க. "முதல் கேமரா இதச் செய்யும், ரெண்டாவது அதச் செய்யும்"னு மொத்த சிஸ்டத்துக்கு ஒரு கிளெய்ம் இருக்கட்டும், ஆனா வாங்கற கேமரா மட்டும் தனியா ஒரு கிளெய்ம், அனுப்பற கேமரா மட்டும் தனியா ஒரு கிளெய்ம் வேணும். நாளைக்கு ஒருத்தன் கேமரா விப்பான், இன்னொருத்தன் யார்டு நடத்துவான், முழு வேலையையும் ஒரே ஆள் செய்யலன்னு தப்பிச்சுக்குவாங்க. அமெரிக்கால அகமாய் எதிர் லைம்லைட்னு இதே பிரச்சனைல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, திரும்பி வந்து 2015லதான் ஒரு வழியா முடிவாச்சு. பல டிவைஸ் பேசிக்கற எல்லா கண்டுபிடிப்புக்கும் இந்த ஆபத்து உண்டு.

எல்லாத்தையும் முதல் நாளே எழுதிடணும்னு ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நான் ஒரு குடோன்ல நேர்ல பாத்த விஷயம் மனச விட்டுப் போகல. ரெண்டு கேமரா, ரெண்டோட கடிகாரமும் 4 செகண்ட் தள்ளி ஓடுது, ஸ்கிரீன்ல பாத்தா ஃபோர்க்லிஃப்ட் முதல் கேமராவ விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டாவதுல வந்து நிக்குது. அந்தப் பையன் என்ன பண்ணிருந்தான்னா, ரெண்டு கேமராவுக்கும் தெரியற ஒரு ஓரத்துல ஃபோர்க்லிஃப்ட் கடக்கும்போதெல்லாம் அத வெச்சே ரெண்டு போர்டும் தங்களோட நேரத்த சரி பண்ணிக்கற மாதிரி செஞ்சிருந்தான். பிரமாதமான வேலை. ஆனா அவனுக்கு டிராஃப்ட் எழுதிக் குடுத்தவர் இத ஒரு வரி கூட எழுதல, அவரும் கேக்கல, இவனும் சொல்லல. எக்ஸாமினர் பழைய டாக்குமென்ட் காட்டினப்புறம் என்கிட்ட வந்தான். பிரிவு 59 படி முதல்ல சொல்லாத புது விஷயத்த திருத்தத்துல உள்ள கொண்டுவர முடியாது. நான் ஒண்ணும் பண்ண முடியல.

எக்ஸ்போ விஷயம். காலேஜ் எக்ஸ்போவுக்கு பாதுகாப்பு கிடையாதுங்க, பிரிவு 31ல சொல்ற கண்காட்சி மத்திய அரசு கெஜட்ல அறிவிச்சதா இருக்கணும். அதுக்காக உடனே எல்லாம் போச்சுன்னு பயப்படாதீங்க. பாக்க வந்தவங்க என்ன தெரிஞ்சுக்கிட்டாங்கங்கறதுதான் கேள்வி. ஸ்கிரீன்ல ஒரே நம்பர் ஒரு கேமராலருந்து இன்னொண்ணுக்குப் போறத மட்டும் பாத்திருந்தா, உள்ள மேல் பாதிய விட்டுட்டு ஒப்பிடறது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா போஸ்டர்ல அத படம் போட்டு விளக்கியிருந்தீங்கன்னா, இல்ல யாராவது கேட்டு வாயால விளக்கியிருந்தீங்கன்னா நிலைமை வேற. யார்டுல ஓட்டிப் பாத்ததுக்கு பிரிவு 32 இருக்கு, தேவையான சோதனைக்காக, விண்ணப்பம் போடறதுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள பொதுவெளில ஓட்டினது மட்டும் தடையாகாது. இனிமே வீடியோ, லிங்க்டின் போஸ்ட் எதுவும் வேண்டாம்.

செலவுக்கு பயப்படாதீங்க. தனி ஆளாவோ ஸ்டார்ட்டப்பாவோ ஆன்லைன்ல போட்டா விண்ணப்பம் போடற அரசுக் கட்டணம் 1,600 ரூபாதான், பரிசீலனைக் கட்டணமும் எழுதிக் குடுக்கறவர் ஃபீஸும் தனி. முதல்ல புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போட்டு தேதிய பிடிச்சுக்குங்க, 12 மாசத்துல முழுசு போடணும், ஆனா புரொவிஷனல்லயே தார்ப்பாய் விஷயம் முழுசா இருக்கணும், ரெண்டு பக்கம் மேலோட்டமா எழுதிப் போட்டா அந்தத் தேதி உங்களக் காப்பாத்தாது. விண்ணப்பதாரர் எல்லாரும் தனிநபர்களா இருந்து, அதுல ஒருத்தராவது பெண்ணா இருந்தா சீக்கிரம் பரிசீலிக்கச் சொல்லி ஃபார்ம் 18ஏ போடலாம், 2019லருந்து அந்த வழி இருக்கு. வெளிநாட்டுல முதல்ல போடற யோசனை இருந்தா பிரிவு 39 படி நம்ம பேட்டன்ட் ஆபீஸ் அனுமதி வாங்காம போடாதீங்க.

ஐடி கம்பெனில இருக்கற நண்பரோட அப்பாயின்ட்மென்ட் ஆர்டர எடுத்துப் படிங்க. வேலை செய்யறவன் கண்டுபிடிச்சது யாருக்குன்னு நம்ம பேட்டன்ட் சட்டம் தனியா சொல்லல, ஒப்பந்தம் சொல்றதுதான். ஆபீஸ் லேப்டாப்ல ஒரு வரி கூட கோட் எழுதியிருக்கக்கூடாது, எழுதியிருந்தா இப்பவே சொல்லிடுங்க.

எக்ஸ்போல வெச்ச போஸ்டர போட்டோ எடுத்து மெயில்ல அனுப்புங்க, ஸ்டால்ல யாரு நின்னு என்ன விளக்கினீங்கன்னு மூணு பேரும் தனித்தனியா எழுதி சேர்த்து அனுப்புங்க. பாத்துட்டு இந்த வாரமே சொல்றேன்.