சூரியன் ஐந்து மணிக்கே கிளம்பிவிடும் ஊர்

போர்ட் பிளேரில் பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான் என்று போன இதழில் தெரியாத்தனமாக எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்தமான் பயணத்தைப் பற்றித்தான். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஜனவரியில் ஐந்து நாள் போகிறோம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங், டிக்லிபூர் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். எப்படித் திட்டம் போடுவது?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முதலில் டிக்லிபூரை அடித்துவிடுங்கள். அது வடகோடி. போக ஒரு நாள், வர ஒரு நாள். ராஸ், ஸ்மித் தீவுகளுக்கு நடுவே கடல் உள்வாங்கும்போது தெரியும் மணல்பாதை கொள்ளை அழகுதான், ஆனால் அதற்கென்றே இன்னொரு முறை வாருங்கள். பாராடாங்கையும் விட்டுவிடச் சொல்வேன். முதல் ராத்திரி போர்ட் பிளேர், அடுத்தது ஹேவ்லாக், அப்புறம் நீல், கடைசி ராத்திரி மறுபடியும் போர்ட் பிளேர். அதுவே நிறைய.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தமான் இருப்பது பர்மாவுக்குப் பக்கத்தில், கடிகாரம் மட்டும் நம்முடையது. ஜனவரியில் ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சாவகாசமாக டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்கு ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பினால், எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். விடியற்காலையில் எழுந்து, மதியம் தூங்கி, மூன்றரைக்குக் கடற்கரையில் இருங்கள்.

கடைசி ராத்திரி போர்ட் பிளேர்தான் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். என் நாத்தனார் குடும்பம் கேட்கவில்லை. கடைசி நாளும் ஹேவ்லாக்கிலேயே இருந்தார்கள். காலையில் கடல் கொந்தளிப்பு, படகு ரத்து. படகுத்துறையில் பெட்டி மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த நேரத்தில் விமானம் சென்னைக்குக் கிளம்பிவிட்டது.

பெயர்க் குழப்பமும் உண்டு. 2018இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் நீல் ஷஹீத் தீவாகவும் மாறின. 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப்பெயரைப் பார்த்துப் பதறாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. நீச்சல் தெரியாது. கடலுக்கடியில் பவளப்பாறை பார்க்க ஆசை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: சிரிக்கட்டும். நானும் நீச்சல் தெரியாமல்தான் ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச்சில் இறங்கினேன். ஸ்நார்க்கெலிங் என்றால் மிதவை உடுப்போடு குப்புற மிதந்து, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பது. வழிகாட்டிப் பையன் ரப்பர் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: வாயால் மூச்சு விடுவது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று ஐந்து நிமிஷம் பழகிக்கொள்ளுங்கள். நெற்றிமயிர் ஒன்று மாஸ்க் ஓரத்தில் மாட்டினால்கூடத் தண்ணீர் உள்ளே கசியும், இழுத்துக் கட்டிவிடுங்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள்.

உள்ளே பார்ப்பதைவிடக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். அடுப்பில் கடுகு பொரிகிற மாதிரி இடைவிடாத சடசடப்பு. சின்னஞ்சிறு இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. நடுநடுவே 'கறுக்' என்று கேட்டால், கிளி மூக்கு மாதிரி வாய் உள்ள பச்சை நீல மீன் பாறையைக் கடிக்கிறது. பாறை மேல் படர்ந்த பாசிதான் அதற்குச் சாப்பாடு. கூடவே உள்ளே போகும் சுண்ணாம்பு அரைபட்டு மணலாக வெளியே வரும். நாம் ரசித்து உருளும் வெள்ளை மணலில் ஒரு பங்கு மீனின் கழிவு என்று என் மகனிடம் சொன்னபோது, அவன் அன்று முழுக்க மணலில் உட்காரவே இல்லை.

பாறை மேல் மட்டும் காலை ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது, காலையும் கிழித்துவிடும்.

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும் ஸ்கூபா என்றால் ஆஸ்துமா, இதய நோய் எதையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். டைவ் செய்தபின் ஒரு முழு நாள் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அதனால் அதைக் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

கேள்வி: எழுபது வயது அம்மாவுக்கு மூட்டுவலி. அழைத்துப் போகலாமா?
(ஒரு வாசகர், கோவை)

பதில்: தாராளமாக. வெள்ளைக்காரர்கள் விடுதலை வீரர்களை அடைத்துவைத்த போர்ட் பிளேர் செல்லுலர் சிறையில் மாடி ஏற முடியாவிட்டாலும் கீழ்த்தளம் போதும். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்த ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்று. ஓர் அறைக் கதவின் தாழ்ப்பாளை அம்மாவுக்குக் காட்டுங்கள். கம்பி வழியே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாதபடி, பக்கச் சுவரின் குழிக்குள் போய்ப் பூட்டும்படி அமைத்திருக்கிறார்கள். என் மாமியார் உள்ளே நின்று நீட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்த பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. நடக்கவே வேண்டாம், உட்கார்ந்து பார்க்கலாம். படகில் ஏறி இறங்கும்போது மட்டும் இருவர் கை கொடுங்கள்.

கேள்வி: பாராடாங் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்க முடியுமாமே?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: அந்த எண்ணத்தோடு போவதானால் போகவே வேண்டாம். அந்தச் சாலை அவர்கள் வாழும் காட்டு வழியே போகிறது, அது அவர்கள் வீட்டு வாசல். வண்டிகள் பாதுகாப்போடு வரிசையாகத்தான் போகும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. மீறினால் வழக்கு. சுண்ணாம்புக் குகைக்கும், அதற்கு முன் சதுப்புக்காட்டுக்குள் போகும் படகுக்கும் ஆசைப்பட்டால் போய் வாருங்கள்.

கேள்வி: சங்கு, சிப்பி பொறுக்கி வரலாமா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: கூடாது. பவளத்துண்டு பெட்டியில் இருந்தால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். சட்டம் கிடக்கட்டும், காலிச் சங்குதான் அங்கே நண்டுக்கு வீடு. சங்கு கிடைக்காமல் ஷாம்பு பாட்டில் மூடியைச் சுமந்துகொண்டு ஒரு நண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நீல் தீவில் ஒன்றுமே இல்லை என்கிறார்களே?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: நேரம் தப்பிப் போனவர்கள் சொல்வது அது. அங்கே ஒரு இயற்கைப் பாறை வளைவு உண்டு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தீவு என்பதால் அதற்கு 'ஹவுரா பாலம்' என்று செல்லப்பெயர். கடல் ஏறியிருக்கும்போது போனால் வெறும் பாறைதான். உள்வாங்கியிருக்கும்போது போனால் ஒவ்வொரு பாறைக்குழியும் ஒரு மீன்தொட்டி: கடல் அட்டை, நட்சத்திர மீன், விரல் நுனியளவு நண்டு. உள்வாங்கும் நேரம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் போனவர் சொன்ன நேரத்தை நம்பாமல், தங்கும் இடத்தில் அன்றன்று கேளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிறையவே உள்வாங்கும். பாறை வழுக்கும், பின்பக்கம் பட்டை வைத்த செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.