முன்பணத்தைக் கட்டாதீர்கள்

போன சனிக்கிழமை ஓர் அம்மாவும் மகளும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மகள் தொடக்கக் கல்லூரி, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு, முடித்தவள், நல்ல மதிப்பெண். ஆனால் இங்கே சிங்கப்பூரில் உள்ள மருத்துவப் படிப்பு எதிலும் நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. மெல்பர்னில் இருக்கும் பெரியப்பா, "வெளிநாட்டில் சேர்த்துவிடுங்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆறு வருடம் ஓடிவிடும்" என்கிறாராம். முகவர் ஒருவர் இரண்டு வாரத்தில் முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார். பிடோக்கில் உள்ள ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறை வீட்டுக்கு மாறவும் அப்பா தயார். அம்மாவுக்குத்தான் தூக்கமே இல்லை.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். முகவர் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அந்தக் கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலிலேயே இல்லை. 2020 தொடக்கத்தில் அந்தப் பட்டியல் 160 வெளிநாட்டுப் பள்ளிகளிலிருந்து 103 ஆகக் குறைக்கப்பட்டது. பிறகு சில சேர்க்கப்பட்டன. பட்டியலில் இல்லாத இடத்தில் படித்துத் திரும்பினால் இங்கே மருத்துவராகப் பதிவு பெறுவது மிகக் கடினம். செலவோ லட்சக்கணக்கான வெள்ளி. உள்ளூர்ப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குப் பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து, அதாவது சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பிலிருந்து, கடன் எடுக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு அந்த வழி கிடையாது. அதனால்தான் வீட்டில் கை வைக்கிறீர்கள். அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் வீட்டைக் கரைத்துவிட்டு எதை வைத்து முதுமையைத் தள்ளுவீர்கள்? பெரியப்பா ஆலோசனை சொல்கிறார், பணம் தரப்போவதில்லை. இந்த விஷயத்தில் அவர் பேச்சு எடுபடக் கூடாது.

அதைவிடப் பெரிய காரணம் உங்கள் மகள். அவள் வாயைத் திறந்ததே என் மேசையில் ஒரு நோட்டுப்புத்தகத்தை வைத்த பிறகுதான். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வாடகை வீடுகள் உள்ள ஒரு புளோக்கில் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே ஒரு தாய் வாங்கும் பொருள்களைக் கேட்டுக் கேட்டுத் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறாள். பால்மாவு சின்ன டின், நான்கு நாள் கழித்து இன்னொரு சின்ன டின், டயப்பர் சிறிய பொட்டலம். பெரியதாக வாங்கினால் மலிவாயிற்றே என்றேன். "பெரிய டின்னுக்கான காசு ஒரே நாளில் அவர் கையில் சேர்வதில்லை. அதனால் நம்மைவிட அவர்தான் அதிக விலை கொடுக்கிறார்" என்றாள். பக்கத்தின் ஓரத்தில், ஒரு மாதத்தில் எவ்வளவு கூடுதல் என்று கணக்கும் போட்டிருந்தாள். பதினெட்டு வயதில் இப்படிப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை நான் அதிகம் சந்தித்ததில்லை.

இந்தப் பார்வைக்கென்று ஒரு துறை இருக்கிறது: ஏழ்மை, வட்டார வளர்ச்சி பற்றிய பொதுக்கொள்கை ஆய்வு. சட்டம், கணக்கியல், கணினி பற்றி உங்களுக்கு ஊரே சொல்லியிருக்கும், நான் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் அதிகாரபூர்வமான வறுமைக் கோடு கிடையாது. அப்படியென்றால் ஒருவர் கௌரவமாக வாழ எவ்வளவு வேண்டும்? இங்குள்ள ஆய்வாளர்கள் அதைச் சாதாரண மக்களையே கூட்டி உட்காரவைத்துக் கேட்டார்கள். எந்தப் பொருள் தேவை, எவ்வளவு காலம் உழைக்கும், எங்கே வாங்குவது என்று ஒவ்வொன்றாகப் பேசி ஒத்த கருத்துக்கு வந்த பிறகே விலை போட்டார்கள். 65 வயதோ அதற்கு மேலோ ஆகித் தனியாக வாழ்பவருக்கு மாதம் 1,379 வெள்ளி என்று 2019இல் சொன்னது அப்படிப் பிறந்த கணக்கு. உங்கள் மகளின் நோட்டுப்புத்தகம் அதன் சின்னத் தங்கை.

இது ஏதோ புதுமோகம் என்று நினைத்துவிடாதீர்கள். 1953-54இல் சமூகநலத் துறையில் இருந்துகொண்டு இந்நகரக் குடும்பங்களின் வருமானத்தையும் வீட்டு நெருக்கடியையும் கணக்கெடுத்தவர் டாக்டர் கோ கெங் சுவீ. 1959இல் சிங்கப்பூரின் நிதியமைச்சரானது அவர்தான். தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1916இல், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாக விசாரிக்கச் சொன்னார். அவற்றுள் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரே ஊர் நூறு ஆண்டில் எப்படி மாறியது என்று சொல்ல முடிவது அதனால்தான். சென்னை அடையாற்றில் 1971இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இன்றும் இயங்குகிறது. தமிழில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கத் தெரிந்த ஆய்வாளருக்கு அங்கேயும் வேலை உண்டு, இங்கே தமிழ்க் குடும்பங்களின் வீட்டு வாசலிலும் வேலை உண்டு. உங்கள் மகள் வீட்டில் தமிழ் பேசுகிறாள். அது வீண்போகாது.

வட்டாரம் என்றால் நமக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மலேசியாவின் ஜோகூரும் சேர்த்துதான். இரு தரப்பும் சேர்ந்து தொழில் வளர்ப்பதற்கான ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார உடன்பாடு 2025 ஜனவரியில் கையெழுத்தானது. அங்கே வாடகை ஏறுமா, தினம் எல்லை தாண்டி வருபவரின் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும் என்பதையெல்லாம் யாராவது அளந்தாக வேண்டும். 1968 முதல் தென்கிழக்காசியாவை ஆராயும் யூசோஃப் இஷாக் கழகம் போன்ற இடங்களின் வேலை இந்த வகையைச் சேர்ந்தது.

படிப்புக்கு வழி: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கை, உலக விவகாரப் பட்டப்படிப்பு. அல்லது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் சமூகப்பணியும் சேர்த்து எடுப்பது. அவளுக்கு இதுவே பொருந்தும் என்பது என் கணிப்பு. குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போக ஆண்டுக் கட்டணம் பத்தாயிரம் வெள்ளிக்குள் அடங்கும், வீடு தப்பிக்கும். முதுநிலைப் பட்டத்துக்கு உடனே ஓட வேண்டாம். இரண்டு ஆண்டு ஆய்வு உதவியாளராக வேலை பார்க்கட்டும். மறுக்கும் கதவைத் தட்டவும், பதில் தராத வீடுகளை ஆய்வின் கணக்கில் கொள்ளவும் அங்கேதான் கற்றுக்கொள்வாள்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. இரக்கம் இருந்தால் நல்ல தொண்டூழியராகலாம். ஆய்வாளராகப் புள்ளியியலும் வேண்டும். கணிதத்தை விட்டால் இந்த வழியில் உனக்கு நான் துணை நிற்க மாட்டேன். தொடக்கத்தில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்த வேலைதான் கிடைக்கும், சம்பளம் மருத்துவருக்கு இணையாகாது. இது தெரிந்தே வா.

அப்பா, நீங்கள் அன்று வரவில்லை. முகவரிடம் பேச வேண்டியவர் நீங்கள்தான். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். மருத்துவ மன்றப் பட்டியலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் வாருங்கள். நோட்டுப்புத்தகத்தையும் அவள் எடுத்து வரட்டும், நீங்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை என்றாள்.