சீப்பு கீழே விழுந்தால் என்ன செய்வீர்கள்?

பார்லர் வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும் செய்முறைத் தேர்வுக்குப் போகிற வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. பதில் சொல்பவர், பயிற்சியாளராகவும் மதிப்பீட்டாளராகவும் பழுத்த அனுபவம் உள்ளவர்.

கேள்வி: பல வருஷமாகப் பார்லரில் வேலை செய்கிறேன். ஹேர் கட், கலரிங், வேக்ஸிங் எல்லாம் கைவந்த வேலை. இப்போது சான்றிதழுக்குத் தேர்வு என்கிறார்கள். தெரிந்த வேலைக்கு என்ன மேடம் தயாராவது?

உங்களைப் போன்றவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். புதிதாகப் படித்து வருகிற பெண் ஒவ்வொரு படியையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே செய்வாள். உங்களுக்குக் கை தானாக ஓடும். ஓடுகிற வேகத்தில் நாலு படி விட்டுப்போகும். கஸ்டமர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பார். மதிப்பீட்டாளர் கண்ணாடிப் பக்கம் வருவதே கடைசியில்தான். அதுவரை உங்கள் கை எங்கெங்கே போய் வந்தது என்றுதான் அவர் டிக் அடித்துக்கொண்டிருப்பார்.

சீப்பு கை நழுவிக் கீழே விழும். தேர்வு நாளில் நிச்சயம் விழும். பத்துப் பேரில் பாதிப் பேர் சட்டென்று குனிந்து எடுத்து, ஏப்ரனில் ஒரு துடை துடைத்து, அதே தலையில் வைப்பார்கள். அங்கே மார்க் போயிற்று. விழுந்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சுத்தமான வேறு சீப்பை எடுங்கள். அதனால் சீப்பும் கிளிப்பும் கூடுதலாகவே கொண்டு போக வேண்டும். விழுந்த சீப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டால், முதலில் முடியை நீக்கி சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகுதான் கிருமிநாசினியில் ஊறவைப்பேன் என்று சொல்லுங்கள். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிற சீப்பில் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. யுவி கேபினெட்டில், அதாவது புற ஊதா ஒளிப் பெட்டியில், வைத்துவிடுவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். வெளிச்சம் படுகிற பக்கத்தில்தான் அதற்கு வேலை. ஏற்கெனவே சுத்தம் செய்ததை எடுத்துவைக்கிற இடம் என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலரிங்கில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் பேட்ச் டெஸ்ட். சாயத்தை 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தொட்டுவைத்துப் பார்த்திருக்க வேண்டும். பல சாயங்களில் இருக்கிற பிபிடி என்கிற பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பும் வீக்கமும் உடனே தெரியாமல், ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரும். ‘போன தடவை ஒன்றும் ஆகவில்லை’ என்று கஸ்டமர் சொல்வது டெஸ்ட் ஆகாது. சாயத்தோடு கலக்கிற பெராக்சைடு திரவமான டெவலப்பரைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள்: 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மூட எது, நிறத்தை வெளுக்க எது என்று காரணத்தோடு சொல்லப் பழகுங்கள்.

வேக்ஸிங்கில் இரண்டே விஷயம். சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். ஒருமுறை தோலில் பட்ட ஸ்பேட்டுலாவை மறுபடி பாத்திரத்தில் முக்காதீர்கள்.

கேள்வி: மாடலாக என் தங்கையைக் கூட்டிப்போகலாமா?

வேண்டாம். தங்கை என்றால் நீங்கள் அலர்ஜி இருக்கிறதா என்று கேட்க மாட்டீர்கள். கேட்டாலும் அவள் சிரிப்பாள். ஓரளவு பழகிய, பொறுமையாக உட்காரக்கூடிய ஒருவரைப் பாருங்கள். தலையில் புண், பேன், படை இல்லையா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தேர்வன்று கண்டுபிடித்தால் வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

கேள்வி: ஹவுஸ்கீப்பிங் தேர்வுக்குப் போகிறேன். தரை பளபளவென்று துடைப்பேன். ஆனால் கணக்கு என்றால் உதறல். கெமிக்கல் அளவு கேட்பார்களாமே?

கேட்பார்கள். ஆனால் இது கடைக்கணக்கை விடச் சுலபம். லேபிளில் 1:50 என்று போட்டிருந்தால் ஒரு பங்கு மருந்துக்கு 50 பங்கு தண்ணீர். வாளியில் 5 லிட்டர் தண்ணீர், அதாவது 5000 மில்லி. 50-ஆல் வகுத்தால் 100 மில்லி. அவ்வளவுதான். 1:20 என்றால் அதே வாளிக்கு 250 மில்லி. வீட்டிலேயே அளவுக்குவளையும் வெறும் தண்ணீரும் வைத்து ஊற்றிப் பாருங்கள், உதறல் போய்விடும். முதலில் தண்ணீர், பிறகு மருந்து. மாற்றிச் செய்தால் நுரை பொங்கும், கண்ணிலும் தெறிக்கும்.

கூட ஊற்றினால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. தரை பிசுபிசுத்து மறுபடி அழுக்கை இழுப்பதுதான் மிச்சம். கிருமிநாசினி தெளித்த கையோடு துடைப்பதும் வீண். லேபிளில் சொன்ன நிமிடங்கள் அது ஈரமாகவே இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்: பிளீச்சையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கிளீனரோடும் பிளீச் ஆகாது. மதிப்பீட்டாளர் வேண்டுமென்றே இரண்டு பாட்டிலையும் அருகருகே வைத்துவிட்டு உங்கள் கையைப் பார்ப்பார். நான் வைத்திருக்கிறேன்.

மற்றபடி மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, உள்ளிருந்து வாசல் பக்கமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே. ஈரத்தரை பலகையை மாப்பைத் தொடுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். துணி நிறங்கள் இடத்துக்கு இடம் மாறலாம். டாய்லெட்டுக்குப் பெரும்பாலும் சிவப்பு. அந்தத் துணி வாஷ்பேசின் பக்கம் எட்டிப் பார்த்தால் தேர்வு அங்கேயே முடிந்த மாதிரி.

கேள்வி: வேலை செய்துவிடுவேன். எதிரே நின்று கேள்வி கேட்டால் வாய் அடைத்துவிடுகிறது.

வீட்டில் வேலை செய்யும்போதே சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்யுங்கள்: ‘இப்போ க்ளவுஸ் போடுறேன், ஏன்னா இது தோலை அரிக்கும்.’ வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. புத்தக வார்த்தை வராவிட்டால் கடைப் பேச்சிலேயே பதில் சொல்லுங்கள். காரணம் சரியாக இருந்தால் மார்க் வரும்.

கேள்வி: வளையல், மோதிரம் போடலாமா?

கூடாது. நீள நகமும் கூடாது.

கேள்வி: நேரம் போதாமல் போனால் எதை விடுவது?

ஃபினிஷிங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை இடத்தைச் சுத்தம் செய்வதற்கென்று ஒதுக்கிவையுங்கள். முடியைக் கூட்டி அள்ளுவது, பயன்படுத்திய பஞ்சை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுவது, பிளேடைத் தனி டப்பாவில் போடுவது, மாப்பை அலசிப் பிழிந்து தொங்கவிடுவது, கை கழுவுவது எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு.