இரண்டாவது நாஸுக்கு பேக்கப்பை எப்படிக் கொண்டுபோவது? கேள்வி பதில்

கேள்வி: சார், முதல் நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) இருக்கிற பேக்கப்பை ரெண்டாவது நாஸுக்கு தினமும் காப்பி பண்ணணும். ஆர்சிங்க், ஆர்குளோன்னு ரெண்டு காப்பி கருவி, அப்புறம் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன், இதுல எது நல்லது?

பதில்: முதலில் பேக்கப் ஃபோல்டரைத் திறந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். எழுதிய கோப்பு மாறாமல் புதியவை மட்டும் சேர்ந்துகொண்டே போனால், எந்தக் கருவியும் போதும். ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரல் இந்த ரகம். பழையதைச் சுருக்கும்போதும் அது புதுக் கோப்பு எழுதி, பழையதை நீக்கும். ஒரே பெரிய கோப்பு தினமும் உள்ளுக்குள் திருத்தப்படுகிறதா? வீம் என்ற பேக்கப் நிரலின் ஃபாரெவர் இன்கிரிமெண்டலில் (முதலில் ஒரு முழுக் கோப்பு, பிறகு மாற்றம் மட்டும்) பழைய இன்கிரிமெண்ட் முழுக் கோப்புக்குள் கரைக்கப்படுவது அப்படித்தான். அங்கே தப்பான கருவியைத் தேர்ந்தால் ராத்திரி முழுக்க ஓடும். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் என்றால், பட்டியலை ஒப்பிடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். இரு பக்கமும் ஒரே கோப்பு முறைமை, அதாவது இரண்டிலும் பி.டி.ஆர்.எஃப்.எஸ் அல்லது இரண்டிலும் இசட்.எஃப்.எஸ் இருந்தால் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன் (அந்த நொடியின் நிலையை உறையவைத்து, மாறியதை மட்டும் அனுப்புவது) போடுங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு 2 டி.பி-யில ஒரே கோப்பு. தினம் 40 ஜி.பி-தான் மாறுது. ரெண்டாவது நாஸை எஸ்.எம்.பி-யில (நெட்வொர்க் ஷேர்) மவுண்ட் பண்ணி, சொந்த டிஸ்க் மாதிரி இணைச்சு, ஆர்சிங்க் ஓட்டுறேன். ஆனா முழு 2 டி.பி-யும் போகுது. மாறினதை மட்டும்தானே அனுப்பணும்?

பதில்: கோளாறு மவுண்டில்தான். இரண்டு பாதைகளும் ஒரே கணினியில் இருப்பதுபோல் தெரிந்தால், ஆர்சிங்க் டெல்டா வேலையை (மாறியதை மட்டும் அனுப்புவதை) விட்டுவிட்டு முழுக் கோப்பையும் காப்பி செய்யும். மவுண்ட் செய்த நாஸும் அதன் கண்ணுக்கு லோக்கல்தான். டெல்டாவைக் கட்டாயப்படுத்தினாலும், ஒப்பிடுவதற்காகவே பழைய கோப்பு முழுதும் நெட்வொர்க்கில் வந்தாக வேண்டும். மவுண்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.எச் (பாதுகாப்பான ரிமோட் இணைப்பு) வழியாக ஓட்டுங்கள், அல்லது எதிர்முனையில் ஆர்சிங்க் டீமனை (பின்னணியில் காத்திருக்கும் நிரலை) 873 போர்ட்டில் வையுங்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆர்சிங்க் இருக்கும், ஒப்பீடு அங்கங்கே நடக்கும்.

அதோடு முடியவில்லை. ஓடும்போது எதிர்முனை ஃபோல்டரைப் பாருங்கள்: புள்ளியில் தொடங்கும் பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பு வளர்ந்துகொண்டிருக்கும். பழையதிலிருந்து மாறாத பகுதிகளை எடுத்து, வந்த 40 ஜி.பி-யையும் சேர்த்து, 2 டி.பி-யைப் புதிதாகக் கட்டி, கடைசியில் பெயர் மாற்றும். அதனால் இன்னொரு 2 டி.பி காலியிடம் வேண்டும். டிஸ்க்கும் அவ்வளவும் எழுத வேண்டும். 'இன்பிளேஸ்' கொடுத்தால் பழைய கோப்பையே நேரடியாகத் திருத்தும், இந்தச் செலவு இல்லை. ஆனால் நடுவில் கரண்ட் போனால் எதிர்முனையில் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு கிடக்கும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் எதிர்முனையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். பேக்கப் வேலை முடிந்த பிறகே காப்பி தொடங்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை எடுத்தால் அது திறக்காமல் போகலாம்.

கேள்வி: ரெய்டு 6 இருக்கு. ரெண்டாவது நாஸ் அவசியமா?

பதில்: அவசியம். ரெய்டு, டிஸ்க் கெட்டால்தான் காக்கும். நீங்கள் கோப்பை அழித்தால் ரெய்டும் சேர்த்தே அழிக்கும்.

கேள்வி: விண்டோஸ் சர்வர்ல ரோபோகாப்பிங்கிற காப்பி கருவி ஓட்டுறேன். டாஸ்க் ஷெட்யூலர் தினமும் ஃபெயில்னு காட்டுது, ஆனா கோப்பெல்லாம் போயிருக்கு.

பதில்: ரோபோகாப்பி முடியும்போது 1 என்ற முடிவு எண்ணைத் திருப்பினால் கோப்புகள் காப்பியாகிவிட்டன என்று பொருள். 8-க்குக் கீழே எல்லாம் வெற்றிக் கணக்கு. 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி. ஸ்கிரிப்டின் முடிவில் 8-க்குக் குறைந்ததை 0 ஆக்கித் திருப்புங்கள். இன்னொன்று: மறுமுயற்சிக்கான இயல்பு அளவு 10 லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 விநாடி. வேறு நிரல் பூட்டிவைத்த ஒரே ஒரு கோப்பு போதும், வேலை அங்கேயே நின்றுவிடும். மறுமுயற்சி 3, காத்திருப்பு 10 என்று குறையுங்கள். எம்.ஐ.ஆர் (மூலத்தில் இல்லாததை எதிர்முனையிலும் அழிக்கும் ஆப்ஷன்) போட்டிருந்தால் அடுத்த பதிலையும் படியுங்கள்.

கேள்வி: மூலத்துல அழிச்சது ரெண்டாவதுலயும் அழியணும்னா டெலீட் ஆப்ஷன் போடலாமா?

பதில்: காவல் இல்லாமல் போடாதீர்கள். மூல டிஸ்க் மவுண்ட் ஆகாத அன்றைக்கு அந்த ஃபோல்டர் காலியாகத் தெரியும். ஆர்சிங்க்கைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை; எதிர்முனையையும் காலி செய்துவிடும். மூல டிஸ்க்குக்குள் 'மவுண்ட்-சரி' என்று ஒரு வெற்றுக் கோப்பு வையுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே நிற்கட்டும். மேக்ஸ்-டெலீட் 50 என்று ஒரு வரம்பும் வையுங்கள். மீறினால் 25 என்ற பிழை எண் வரும், அதை மெயிலில் அனுப்பச் செய்யுங்கள்.

கேள்வி: முதல் நாஸிலிருந்து தள்ளுறதா, ரெண்டாவது இழுக்கிறதா?

பதில்: இரண்டாவது இழுக்கட்டும். தள்ளினால் இரண்டாவதில் எழுதும் சாவி முதலாவதில் இருக்கும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீங்குநிரல்) புகுந்தால் அதே சாவியோடு அங்கேயும் போகும்.

கேள்வி: இழுத்தா மட்டும் என்ன சார்? பூட்டப்பட்ட கோப்பையும்தானே இழுத்துட்டு வரும்?

பதில்: சரியான மறுப்பு. இழுப்பது சாவியைத்தான் காக்கும், கோப்பின் உள்ளடக்கத்தைக் காக்காது. அதற்கு இரண்டாவதில், முதலாவதின் கை எட்டாத ஸ்னாப்ஷாட்கள் வேண்டும். 30 நாளாவது வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு.

கேள்வி: நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்னாப்ஷாட் இருந்தா தள்ளினாலும் போதுமே. இழுக்கிறப்ப ரெண்டாவது உடைஞ்சா முதலாவதும் போயிடும்.

பதில்: இழுக்கும் கணக்குக்கு எழுதும் அனுமதி எதற்கு? ஆர்சிங்க் டீமனில் ஒரு மாடியூல் (அது பகிரும் ஃபோல்டர்) இயல்பிலேயே படிக்க மட்டும்தான். எஸ்.எஸ்.எச் என்றால் அந்தச் சாவியை ஆர்-ஆர்சிங்க் ஸ்கிரிப்டோடு படிக்க மட்டும் என்று கட்டிவிடுங்கள். இரண்டாவது உடைந்தால் தரவு வெளியே கசியலாம். அதற்கு பேக்கப்பை என்கிரிப்ட் செய்து வைப்பதுதான் வழி. ஆனால் முதலாவதில் எதையும் அழிக்க முடியாது. தள்ளும்போது அட்மின் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே என்றால், உங்கள் ஸ்னாப்ஷாட்டையும் அழித்துவிடுவார்கள். குறைந்தது அதையாவது இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: ஆர்சிங்க், ஆர்குளோன், எது வேகம்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். ஒரு ஜிகாபிட் லைனில் விநாடிக்கு 110 எம்.பி-தான், 4 டி.பி-க்கு 10 மணி நேரம். எந்தக் கருவியும் அதைத் தாண்டாது.

கேள்வி: இசட்.எஃப்.எஸ் இன்கிரிமெண்டல் அனுப்பினா, 'எதிர்முனை மாறியிருக்கிறது'ன்னு நின்னுடுது. யாரும் எதுவும் எழுதலையே?

பதில்: ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே போதும், கோப்பைக் கடைசியாகத் தொட்ட நேரம் பதிவாகும், அதுவும் மாற்றம்தான். எதிர்முனை டேட்டாசெட்டில் ரீட்ஒன்லியை ஆன் செய்யுங்கள், ரிசீவ் வழக்கம்போல் நடக்கும். ரிசீவ் கட்டளையில் பெரிய எஃப் (-F) போட்டால் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பின்வாங்கும். ஆனால் சென்ட் கட்டளையில் பெரிய ஆர் (-R) போட்டு அனுப்பும் மொத்த ஸ்ட்ரீமோடு அதைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாத ஸ்னாப்ஷாட்கள் எதிர்முனையிலும் அழியும். டெலீட் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதற்கும்தான். இரு பக்கமும் பொதுவாக உள்ள கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கு ஹோல்டு (அழியாமல் தடுக்கும் பூட்டு) போடுங்கள். அது போனால் முழுதும் மறுபடி அனுப்ப வேண்டும்.

கேள்வி: போர்க் பேக்கப் நிரலோட ரெப்போவை (அது பேக்கப்பை வைக்கிற ஃபோல்டர்) அப்படியே ஆர்சிங்க் பண்ணலாமா?

பதில்: போர்க் ஓடாத நேரத்தில் செய்யலாம். ஆனால் முதலாவதில் கெட்டுப்போனது அப்படியே வந்து சேரும். இரண்டாவதில் தனி ரெப்போ தொடங்கி, அதற்கு நேரடியாக இன்னொரு பேக்கப் ஓட்டுவதே நல்லது. காப்பி செய்தேதான் ஆக வேண்டும் என்றால், நகலில் ஒருபோதும் எழுதாதீர்கள்; ஒரே சாவியில் இரண்டு பக்கமும் எழுதினால் என்கிரிப்ஷனே பலவீனமாகிவிடும்.